வயதோடு நூறு

‘1965 மார்ச் 9, செவ்வாய். கம்பெனி டாக்டர். எனக்கு 158/80. அவருக்கு 136/80.’ என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ‘அவருக்கு’ என்பதன் கீழ் இரண்டு கோடு.

அவர் மாட்டுங்காவில் எங்கள் எதிர் பிளாட்டுக்காரர். கோட்டைப் பகுதியில் ஒரே ஆபீஸ், ஒரே செக்‌ஷன். இருவருக்கும் அந்த மாதம் ஐம்பத்தைந்து முடிந்தது, ஓய்வு பெறும் வயது. எக்ஸ்டென்ஷன் ஒருவருக்குத்தான், உடம்பு நன்றாக இருப்பவருக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் கடைசிப் பெண் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

ஸ்டேஷன் பாலத்தில் அவர் பேசிக்கொண்டே ஏறுவார். நான் பாதிப் படியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவேன். மேலிருந்து, “தினமும் அந்த வாருக்கு என்னங்காணும் கேடு?” என்பார்.

டாக்டர் மராத்திக்காரர், நிதானமானவர். வயதாக ஆக, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய் விறைத்துவிடும், துடிப்புக்கு விரிந்து கொடுக்காது என்று விளக்கினார். அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறும்; கீழ் எண் ஏறாது, இறங்கவும் செய்யலாம். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயமும் தடித்து இறுகும். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் அவர் வைத்திருந்த வரம்பு. ரிக்கார்டைப் பார்த்து, “உங்களுக்கு நூற்றைம்பத்தைந்து. மூன்று கூடுதல்” என்றார்.

அந்த மூன்று எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். பள்ளியில் சேர்த்தபோது, பிற்பாடு உத்தியோகம் நீளட்டும் என்று அப்பா என் வயதில் மூன்றைக் குறைத்து எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். நிஜ வயதைச் சொன்னால் வரம்புக்குள் வந்துவிடுவேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் ஆவேன். சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

எனக்கு முன்பே பரிசோதனை முடிந்து, வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். “எவ்வளவு?” என்று கேட்டார். சொன்னேன்.

“அடடா! கோபத்தைக் குறையும் ஓய். நம்ம குழாய் இன்னும் காலேஜ் பையன்தான்.”

எக்ஸ்டென்ஷன் அவருக்கே வந்தது. அவர் மனைவி கேசரி கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஏப்ரல் முழுவதும், காலை வண்டிக்கு அவர் படியிறங்கும் சத்தத்தைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பரிசோதனைக்கு முந்தின வாரம் அவர் சர்ப்பகந்தா மாத்திரை வாங்கிப்போனதாக மருந்துக்கடைக்காரர் பின்னால் சொன்னார். அது ரத்த அழுத்தத்தை இறக்கும். மனைவிக்காகவும் வாங்கியிருக்கலாம். அவரே சாப்பிட்டாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.