ராதிசாவின் பையும் அக்காவின் எண்ணெயும்

க்ருஷேவாட்ஸ் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய ராதிசாவ் யாருக்கும் பயந்தவரில்லை. குடல் புற்றுக்கு அறுவை செய்து, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது. பைதான் ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்று நாள் தாங்க வேண்டியது மூன்று மணி நேரத்தில் கழன்று ஒழுகும். ஒழுகிய இடமெல்லாம் தோல் வெந்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும்.

"எண்ணெய், களிம்பு எதுவும் கூடாது. வெறும் தண்ணியில கழுவி, ஈரம் போக ஒத்தி எடுத்துட்டு ஒட்டுங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ஆனால் வீட்டில் இருந்தது ஸ்தாமென்கா அக்கா. மனைவி செத்தபின் தம்பிக்குச் சமைத்துப் போட வந்தவள். அந்த ஊரில் வெட்டுக்காயமோ தீக்காயமோ, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: காட்டில் பூக்கும் ஒரு மஞ்சள் நிறப் பூவை எண்ணெயில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்துச் சிவக்க எடுப்பது.

"நர்ஸுக்கு என்னடா தெரியும், நேத்துப் பொறந்தவ! நம்ம அப்பாவுக்குக் குண்டு பட்ட காயமே இதுல ஆறிச்சு. சட்டையைத் தூக்கு."

"பை ஒட்ட மாட்டேங்குதுக்கா."

"தோல் புண்ணா இருந்தா எப்படி ஒட்டும்? ஆறட்டும், தானா ஒட்டும்."

எண்ணெயில் பை வழுக்கியது, ஒழுகியது, தோல் வெந்தது. வெந்ததைப் பார்த்து அக்கா இன்னும் தாராளமாகப் பூசினாள். பாழாய்ப்போன பாசம்! குடிகாரர்களைக் கழுத்தைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கியவருக்கு, அக்கா முகம் சுண்டுவதைப் பார்க்கத் தெம்பில்லை.

டிசம்பரில் ஸ்லாவா வந்தது, குடும்பத்துப் புனிதரின் நாள். அப்பனுக்குப் பின் மகன் என்று வருவது அது. வீட்டுத் தலைவன் அன்று உட்காரக் கூடாது; விருந்தாளிகள் போகும்வரை நின்று பரிமாற வேண்டும். இந்த வருடமும் நின்றுவிட்டால் போதும், தலைவன் நான்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று ராதிசாவ் எண்ணியிருந்தார். காலையில் அக்கா இரண்டு மடங்கு பூசிவிட்டாள்.

பாதிரியாரும் அவருமாக சடங்கு ரொட்டியைப் பிடித்துச் சுழற்றும்போது பை கழன்று வயிற்றில் சூடாக இறங்கியது. வெள்ளைச் சட்டை. சுற்றி இருபது பேர். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

மகன் நெபோய்ஷா ரொட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "உள்ள போங்கப்பா, நான் பாத்துக்கறேன்."

குளித்துவிட்டு வந்தால், அவன் நின்றபடி எல்லாருக்கும் ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான். "அடுத்த வருஷத்துலேருந்து என் வீட்டுல வச்சுக்கலாம். அப்பாவுக்கு எதுக்குச் சிரமம்?" என்றான். இருபது தலையும் ஆடின. அவராக ஸ்லாவாவைக் கொடுக்கவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் ராதிசாவ் எண்ணெய்ச் சீசாவைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. இரண்டு வாரத்தில் தோல் ஆறிவிட்டது. பை முழுசாக மூன்று நாள் ஒட்டி நின்றது. சனியன், இத்தனை சுலபமாகவா!

மகனுக்குப் போன் போட்டார். "சரியாயிடுச்சுடா, ஒரு சொட்டு ஒழுகல. ஸ்லாவாவை இங்கேயே..."

"பாதிரியார்கிட்ட சொல்லியாச்சேப்பா. நீங்க நிம்மதியா இருங்க."

அடுத்த டிசம்பரில் மகன் வீட்டில் மீன் மணத்தது. பக்கத்தில் இருந்தவரின் கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்து ராதிசாவ் எழுந்து ஒயின் ஜாடியைத் தூக்கினார். நெபோய்ஷா ஓடிவந்து, சிரித்துக்கொண்டே ஜாடியை வாங்கினான்.

"உக்காருங்கப்பா. விருந்தாளி நிக்கலாமா?"

ராதிசாவ் உட்கார்ந்தார்.