மலர் அக்காவின் மொட்டைக் கடிதம்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, என் ஒரே மகளை நான் இழக்கப் பார்த்தேன். போன வருடம் தை மாதம் கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. யாரோ மொட்டைக் கடிதம் எழுதியிருந்தார்கள். இந்தத் தாய் தன் ஏழு வயதுப் பிள்ளைக்கு அடிக்கிறாள், பிள்ளையின் காலையும் முதுகையும் பாருங்கள் என்று அதில் இருந்ததாம்.

நான் நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் போனவள். அங்கேயே வளர்ந்து, கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தேன். யூலாந்தில், வயல்களுக்கும் பன்றிப் பண்ணைகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கிராமம். என் டெனிஷில் ஜேர்மன் வாடை அடிப்பதால் ஊரில் எனக்கு 'ஜேர்மன்காரி' என்று பெயர். என் நிறத்தைப் பார்த்த பிறகும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணவருக்குப் பண்ணையில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில். அந்த ஊரில் தமிழ்க் குடும்பம் இரண்டே இரண்டுதான். மற்றது மலர் அக்கா வீடு.

எங்களுக்கு அங்கே வீடு பார்த்துத் தந்ததே அவர்தான். பிறகு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்து, அதற்காகக் காத்திருந்தவர் அவர். அன்றோடு பேச்சு நின்றது.

கொம்யூன் அலுவலகத்தில் ஓர் இளம் பெண் கடிதத்தைத் தன்மையாக வாசித்துக் காட்டினாள். 'தாய் அகப்பைக் காம்பால் அடிப்பாள்' என்ற இடம் வந்ததும் எனக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. எங்கள் வீடுகளில் எந்தத் தாய் அப்படி வெருட்டவில்லை? மகள் றூத் சாப்பிடாமல் ஓடினால், "அகப்பைக் காம்பாலை ரெண்டு போடுவன்" என்று கத்துவேன். ஒருநாளும் போட்டதில்லை. அவளும் சிரித்துக்கொண்டு ஓடுவாள். வெளியாள் முன்னால் நான் அப்படிக் கத்தியது மலர் அக்காவின் குசினியில் மட்டும்தான். டெனிஷ்காரருக்கு அந்தப் பேச்சே விளங்காது.

ஆனால் பிள்ளையின் காலில் நீலக் கண்டல்கள் இருந்தது உண்மை. சைக்கிளில் விழுகிற பிள்ளைதானே என்று நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். மூன்று நாளில் வைத்தியர் அவளை முழுதாகப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவு என்றாள் அந்தப் பெண். பிள்ளையை எங்களிடமிருந்து எடுப்பீர்களா என்று கேட்டேன். இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

அந்த மூன்று நாளும் உபவாசம் இருந்தேன். என்ன கேட்டேன் என்பதை மறைக்கமாட்டேன். பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஒருமுறை கேட்டால், மலரின் கை அழுக வேண்டும் என்று பத்துமுறை கேட்டேன். கடிதம் எழுதிய அந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ வேண்டும், அதை நான் கண்ணால் காண வேண்டும் என்று முழங்காலில் நின்று அழுதேன். அதுவும் போதவில்லை. யாழ்ப்பாணத்தில் செய்வதுபோல மண் அள்ளித் திட்ட வீட்டு வளவுக்குள் இறங்கினேன். விசுவாசி செய்யக்கூடாத காரியம், தெரியும். தை மாதத்து மண் கல்லாக உறைந்து கிடந்தது. விறாண்டி விறாண்டி என் நகம்தான் உடைந்தது. ஒரு பிடி மண் வரவில்லை.

கணவர் கதவடியில் நின்று, "இஞ்சரும், என்ன தேடுறீர்?" என்று கேட்டார்.

"திறப்பு விழுந்திட்டுது," என்றேன், சாவியைத் தொலைத்தவள்போல.

மூன்றாம் நாள் வைத்தியர் றூத்தின் கண்டல்களை அழுத்திப் பார்த்தார். பல் தீட்டும்போது இரத்தம் வருமா என்று கேட்டார். அவள் டெனிஷில் "ஓம், எந்த நாளும்" என்றாள். தாய் எனக்கு அது தெரியாது. உடனே இரத்தம் எடுத்து, அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டுகள் அவள் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை. தலை அடிபட விழுந்திருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை அவளைச் சறுக்கு விளையாட்டுக்குக் கூட்டிப்போக இருந்தோம்.

மருந்து ஏற்றினார்கள். சபை முழுவதும் எங்களோடு சேர்ந்து ஜெபித்தது. தட்டுகள் மெல்ல மெல்ல ஏறின. பங்குனியில் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். கொம்யூனும் விசாரணையை முடித்துக்கொண்டது. தேவனுக்கே ஸ்தோத்திரம்.

ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் மலர் அக்கா வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவரின் முகம் வெளிறிவிட்டது.

"பிள்ளைக்கு இப்ப சுகம். நீங்கள் எழுதின கடிதத்தாலைதான் இரத்தத்திலை இருந்த வருத்தத்தைக் கண்டுபிடிச்சவை," என்றேன்.

அவர், "நான் பிள்ளையை நினைச்சு எழுதேல்லை. உன்னை அழிக்கத்தான் எழுதினனான்," என்றார்.

"தெரியும் அக்கா. நானும் உங்கடை கை அழுகவேணுமெண்டு மூண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தனான்."

அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு வழிவிட்டு, "உள்ளுக்கு வா," என்றார். போனேன். தேத்தண்ணி தந்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

பழிவாங்கும்படி கேட்டேன். பழிவாங்கப்பட்டது நான்தான். உலகத்தில் எவளுக்கு நன்றி சொல்லக்கூடாது என்று இருந்தேனோ, அவளுக்கே என்னை நன்றிக்கடன்காரி ஆக்கிவிட்டார் ஆண்டவர். உங்களுக்கும் எதிரி இருந்தால், அந்தக் கோபத்தை ஒளிக்காமல் அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் சொன்னபடி அவர் செய்யமாட்டார், பயப்படாதீர்கள். மலர் அக்காவைக் கண்டால் இன்றைக்கும் என் நெஞ்சு கொதிக்கும். ஆனாலும் றூத்தைப் படுக்கவைத்த பிறகு ஒவ்வொரு நாளும் அவர் பெயரைச் சொல்லி ஆசீர்வதிக்கும்படி கேட்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான்.