திருப்பிக் கொடுத்த பொட்டலம்

அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். இரும்புக் குழாய் சரிந்து நசுங்கிய காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத வகுப்பு. அதனால் மானம் மரியாதை பற்றியெல்லாம் எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று மாதமும் அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை. பழம் வாங்கி வந்த மாமாவிடம், "நான் இன்னா செத்தா பூட்டேன்? எத்துனு போ" என்றார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அம்மா எலுமிச்சை ஜூஸ் கடை போடுவாள். அந்தப் பௌர்ணமிக்கு, "ஒண்டியா நான் எவ்ளோதான் பாக்கறது? குந்தினு பழமாவது நறுக்கு" என்று சத்தம் போட்டு அப்பாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, கையில் கத்தியோடு உட்கார்ந்தார். லுங்கிக்கு வெளியே மொண்டிக் கால் தெரிந்தது.

மாலை நாலு மணி இருக்கும். வெளியூர் அம்மா ஒருத்தி, பாதையோரம் உட்கார்ந்திருந்த சாமியார்களுக்கும் இல்லாதவர்களுக்கும் புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தாள். பின்னால் அவள் கணவர் பையைத் தூக்கி வந்தார். வரிசை எங்கள் கடையருகே முடிந்தது. அவள் கடையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். குனிந்து ஒரு பொட்டலத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

விட்டெறியப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை லுங்கியில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த என் வகுப்புப் பையன், "டேய், உங்கப்பாவுக்கு சோறு கெட்ச்சிடுச்சிடா. நீயும் பக்கத்துல குந்திக்கோ" என்றான்.

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மாவின் கையில் திணித்து, வகுப்பில் பாடம் வாசிக்கும் குரலில், "எங்கப்பா பிச்சக்காரர் இல்ல. நாங்க கட வச்சிருக்கோம்" என்றேன்.

அவள் திட்டவில்லை. பொட்டலத்தைப் பார்த்தபடி அப்படியே நடைபாதை மேடையில் உட்கார்ந்துவிட்டாள். "வேணான்ட்டானே... எம்புள்ள வேணான்ட்டானே" என்றாள்.

கணவர்தான் என்னிடம் சொன்னார். "எங்க பையன் போயி இன்னிக்கி ஒரு வருசம் தம்பி. அவன நெனச்சிக் குடுக்கற சோறு. அது திரும்பி வரக்கூடாதுப்பா."

திரும்பிப் பார்த்தால் அப்பா வந்துகொண்டிருந்தார். மூன்று மாதமாக வீட்டு மூலையில் சாத்தியே கிடந்து, அன்று அம்மா ஆட்டோவில் போட்டு வந்திருந்த ஊன்றுகட்டையை அக்குளில் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே தத்தித் தத்தி. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவர் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"குடும்மா. கொழந்த, தெரியாம பண்ட்டான். பசிக்கிது."

ஊரே பார்க்க, என் அப்பா சோறு கேட்டார். கட்டையைச் சாய்த்துவிட்டு அவள் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"நல்லா இருந்திச்சாப்பா?"

அப்பா கடைசி வேர்க்கடலையை மென்றுகொண்டே, "உப்புதாம்மா கொஞ்சம் கம்மி" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஓசிச் சோறு, அதில் குறை வேறு! ஆனால் அந்த அம்மா அவரையே பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். "அவனும் எத செஞ்சி வச்சாலும் இதான் சொல்லுவான்" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கணவர் மலைப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பசி என்று சொன்னதும் பொய். அம்மா கட்டி வந்த சோற்றை அரை மணி முன்புதான் அப்பா தின்று முடித்திருந்தார். ஊருக்கு முன்னால் கையேந்தியதோடு பொய்யும் சொன்ன அப்பாவோடு நான் நாலு நாள் பேசவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மா கூப்பிடாமலே அப்பா கிளம்பினார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றார். மறுபடியும் யாராவது பொட்டலம் கொடுப்பார்கள் என்றுதான் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. வயிற்று வலி என்று சொல்லி, நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.