மாவடு ஓட்டை போட்ட தட்டு

கல்கத்தா கிடர்பூரில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு பழைய லேத்தோடு ஆரம்பித்தேன். இன்று லாரி டர்போ கெட்டால் துறைமுகப் பக்கம் முழுக்க என் பட்டறையைத்தான் தேடி வருகிறார்கள். லேக் கார்டன்ஸில் வீடு கட்டினேன். எட்டாவது ஃபெயிலான நான், ஒரே மகளை எஞ்சினீயரிங் ஆராய்ச்சி வரைக்கும் படிக்க வைத்தேன். எவனும் உதவவில்லை. எல்லாம் இந்தக் கை.

அவள் ஆராய்ச்சியும் டர்போதான். எஞ்சின் புகை தள்ளிச் சுழலும் சக்கரம். அதைச் சுற்றி, புகையின் வழியைக் குறுக்கவும் அகட்டவும் திரும்பும் சின்ன இதழ்கள். சோதித்துப் பார்க்கப் பட்டறை ப்ளோயர் போதுமே என்றேன்.

"இல்லப்பா. உங்க ப்ளோயர் ஒரே சீரா ஊதும். எஞ்சின் அப்படியா? ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியா அடிச்சு அடிச்சுத் தள்ளும். அந்த அடியில சக்கரம் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

காற்றின் குறுக்கே, ஓட்டை போட்ட இரும்புத் தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். காற்று வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் போனது. என் யோசனைதான். வட்ட ஓட்டைகள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அடி சட்டென்று ஏறி மெல்ல இறங்க வேண்டுமாம்.

"மாவடு மாதிரி, ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் ஒடுங்கணும்."

"அரத்தாலேயே ராவிடுவேன். இந்த ஊர்ல வேற எவனுக்கு வரும்?"

"எட்டாவது ஃபெயிலுக்கு வாயைப் பாரு!"

"இந்த ஃபெயில் இல்லேன்னா உன் பட்டம் சுத்தாதுடி."

சுற்றியது. டப்டப்பென்று பட்டறையே அதிரும். இதழ்களைத் திருப்பித் திருப்பி வைத்து அவள் அளந்துகொண்டிருப்பாள்.

போன மழைக்காலத்தில் டெங்கு அவளைக் கொண்டுபோனது. அளவுகள் பாதியில் நின்றன.

இந்த விஸ்வகர்மா பூஜையன்று அவளோடு படித்த தோழி வந்தாள். கல்லூரி இந்த இயந்திரத்தை எடுத்துப் போய் வேலையைத் தொடரப் போகிறது. அதில் பொருத்தும் பித்தளைத் தகட்டின் வாசகத்தைக் காட்டினாள். வடிவமைத்து உருவாக்கியவர் என்று மகள் பெயர் மட்டும்.

"நல்லா இருக்கா, காக்கு?" என்று பெங்காலியில், சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள்.

நான் சுவிட்சைப் போட்டேன். பூஜையன்று எந்தப் பட்டறையிலும் இயந்திரம் ஓட்டமாட்டார்கள். மேஸ்திரி பதறி ஓடிவந்தார். "ஆஜ்கே நா, தாதா! பாப் லாக்பே!"

இன்றைக்கு வேண்டாமாம், பாவம் பிடிக்குமாம். இதற்கு மேல் என்னைப் பிடிக்க என்ன இருக்கிறது? தட்டு சுழன்றது. அதே டப்டப். இதழ்கள் அவள் கடைசியாக வைத்த கோணத்திலேயே நின்றன. அளக்கத்தான் ஆள் இல்லை.

அணைத்துவிட்டுத் தோழியிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன், கல்லூரிக்காரர்கள் படிக்கட்டும். ஆராய்ச்சி அவளுடையது. மாவடு அவள் சொன்னது. ராவியது நான். தகட்டில் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. 'சுழல்தட்டைச் செய்தவர், இவளுடைய அப்பா' என்று பொறியுங்கள். பொறிக்காமல் இயந்திரம் என் பட்டறை வாசலைத் தாண்டாது.