தார்ப்பெட்டிக்கு ஒரு தம்ளர்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த தறி ஷெட்டில் குடிதண்ணீருக்குக் குறைவே இல்லை. வாசலை ஒட்டி ஒரு பெரிய மண்பானை. பானை மேல் பலகை. பலகை மேல் அலுமினியத் தம்ளர். தினமும் காலையில் நிரப்பி வைத்துவிடுவார்கள். தறி ஓட்டுகிற ஆண்கள் போகும்போதும் வரும்போதும் மொண்டு குடித்தார்கள். தார் சுற்றுகிற வேலைக்குப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் மிஷினை வைத்து நூல் சுற்றுவது எங்கள் வேலை. எங்களில் ஒருத்தி கூட அந்தத் தம்ளரைத் தொட்டதில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது.

ஆண்களுக்கு ஷெட்டின் பின்சுவர் போதும். எங்களுக்கு ஊருக்கு வெளியே இருந்த உடைமரக்காடுதான். அங்கே விடியுமுன் போகலாம், பொழுது மங்கிய பின் போகலாம். நடுவில் வெளிச்சம் இருக்கிற நேரம் முழுவதும் பெண்ணுக்கு அடிவயிறே இல்லை என்று ஊர் தீர்மானித்து வைத்திருந்தது.

அதற்கு எல்லாப் பெண்களும் ஒரே வழியைத்தான் வைத்திருந்தோம். எழுந்ததும் இரண்டு செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் வயிற்றில் இறக்குவோம். அது கீழே இறங்குவதற்குள் வாசல் தெளித்து, உலை வைத்துவிட்டு, வெளுக்கும் முன் காட்டுக்கு ஓடுவோம். அதோடு சரி. வேலை விட்டு வரும் வரை பல்லில் தண்ணீர் படாது. ஷெட்டுக்குள் பஞ்சுத் தூசி பறக்கும், தொண்டை சுண்ணாம்பு பூசியது மாதிரி காய்ந்துவிடும். கன்னத்தில் கொஞ்சம் புளியை அடக்கிக்கொண்டு சமாளிப்போம். சாயங்காலம் வந்ததும் மறுபடி இரண்டு செம்பு. ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீரைக் குடித்தாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரிதான், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

எனக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. நீர்க்கடுப்பு, பிறகு குளிர்காய்ச்சல், பிறகு ரத்தம். கண் பட்டுவிட்டது என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். யாரும் என்னிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை உண்டானபோது நான்காம் மாதத்திலேயே கடுப்பு ஆரம்பித்தது. ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான்.

“தண்ணி எவ்வளவு குடிக்கிற?”

“நாலு செம்பு குடிக்கேன் டாக்டரம்மா. பெரிய செம்பு.” இதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

“எப்பெப்போ குடிப்ப?”

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“செம்புக் கணக்கு மட்டும் போதாது. மொத்தமா ஊத்தினா மொத்தமா வெளிய போயிடும். அப்புறம் பகல் பூரா உள்ள காஞ்சு கிடக்கு. அதான் கடுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். மணிக்கு ஒரு தம்ளர் போதும். வந்தா அடக்கக் கூடாது. அடக்கினா மறுபடி காய்ச்சல் வரும். போன தடவை பிள்ளை கலைஞ்சதுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்.”

“பகல்ல எங்க போக?”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். “அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா” என்றார். கடுப்புக்கு மட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னேன். மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “பிள்ளைத்தாச்சி இவ்வளவு தண்ணி குடிச்சா காலு வீங்கும். டாக்டரம்மாவுக்கு என்னட்டி, சொல்லிட்டுப் போயிருவாவ.”

என் வீட்டுக்காரர் அதே ஷெட்டில்தான் தறி ஓட்டினார். “நான் பின்சுவர்ப் பக்கம் போறேன். ஒரு நிமிசம் காவலுக்கு நில்லுங்க” என்றேன்.

“ஆம்பளையள் நடமாடுத எடத்துல நீ குத்தவச்சிருப்ப, நான் காவல் நிக்கணுமாக்கும். எனக்கு என்ன பேரு வைப்பானுவ?”

“மொதல்ல பிள்ளைக்குப் பேரு வைக்க முடியுமான்னு பாருங்க.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து போக அவருக்கு இடம் இருந்தது.

சரி, குடிப்பதையாவது டாக்டரம்மா சொன்னபடி செய்வோம் என்று ஆரம்பித்தேன். ஷெட்டில் கடிகாரம் கிடையாது. நேரம் முதலாளியின் கைக்கடிகாரத்தில் மட்டும் இருந்தது. சுற்றிய தார்களைப் போடுகிற தார்ப்பெட்டி நிறைய எனக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதையே கணக்காக வைத்துக்கொண்டேன். பெட்டி நிறைந்தால் எழுந்து போய் ஒரு தம்ளர். மேலே மிதக்கிற பஞ்சை ஊதி ஒதுக்கிவிட்டு, மெதுவாகக் குடிப்பேன். நூல் அடிக்கடி அறுந்து பெட்டி நிறையத் தாமதமானால் மனசு அடித்துக்கொள்ளும்.

பக்கத்து மிஷின் அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “ஏட்டி, குளத்தையே குடிச்சிருவ போலிருக்கு. மடையை எங்கன திறக்கப் போற?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதுதான் எனக்கும் தெரியவில்லை.

கரண்ட் போனால் தறிகள் நிற்கும். ஆண்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்த இடைவெளியில் பின்சுவர்ப் பக்கம் ஓடிவிட்டு வருவேன். கரண்ட் போனால் ஊரே திட்டும். நான் மட்டும் எப்போது போகும் என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே நூல் சுற்றினேன். கரண்ட் போகாத நாட்களில் அடக்கினேன். அடக்கும்போதெல்லாம் டாக்டரம்மா சொன்ன காய்ச்சல்தான் நினைவில் இருக்கும். அடிக்கடி புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் மாதம் பிறந்தது. ஒரு நாள் மத்தியானம், கரண்ட் போகவே இல்லை. முதுகில் குளிர் ஏறியது. கழுத்து சுட்டது. முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போகிற கதவைப் பார்த்து நடந்தேன். அவர் வீடு ஷெட்டை ஒட்டித்தான் இருந்தது. அதன் கொல்லையில் ஒரு கக்கூஸ் உண்டு, எப்போதும் பூட்டியிருக்கும்.

முதலாளி நாற்காலியிலிருந்தே கேட்டார். “எங்கன போற?”

“உங்க வீட்டு கக்கூசுக்கு.”

“அது வீட்டுப் பொம்பளையளுக்கு உள்ளது.”

“நானும் பொம்பளைதான் அண்ணாச்சி. வயித்துல பிள்ளை இருக்கு, காய்ச்சல் அடிக்கி. சாவியைத் தாங்க. இல்லேன்னா இந்த நூல் மூட்டை மேலேயே இருந்திருவேன். பொறவு அத வச்சு வேட்டி நெய்யுங்க.”

பக்கத்துத் தறிகள் இரண்டு நின்றன. என் வீட்டுக்காரர் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். முதலாளிக்கு முகம் கறுத்தது. அவருக்குப் பயம் என் பிள்ளை மேல் இல்லை, நூல் மேல். வீட்டுக்குள்ளிருந்து அவர் சம்சாரம், முதலாளி அம்மா, கதவருகே வந்தார்.

“சாவியைக் குடுங்க. ஆனா தண்ணி அவளே கொண்டாந்து ஊத்தணும். நம்ம தொட்டியில மொள்ளக் கூடாது.”

அன்று தண்ணீர் கொண்டுவருகிற நிலையில் நான் இல்லை. போய்விட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஊசி போட்டார்கள். படுக்க வைத்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் பிள்ளை அசைவது முதன்முதலாகத் தெரிந்திருந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டே கிடந்தேன். நர்ஸ் தம்ளரை நீட்டும்போதெல்லாம் எழுந்து குடித்தேன். யாராவது பேச வந்தால் எரிந்து விழுந்தேன், பேச்சில் அசைவு தெரியாமல் போய்விடுமோ என்று. மறுநாள் மத்தியானம் ஒரு உதை விழுந்தது. அப்போதுதான் அழுதேன்.

காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போனேன். வேறு வழி இல்லை. இப்போது கக்கூஸ் கதவு திறந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் தெருக் குழாயில் ஒரு குடம் பிடித்துச் சுமந்து வர வேண்டும். ஒரு தம்ளர் குடிப்பதற்கு ஒரு குடம் சுமக்கிற நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ. இடுப்பில் குடத்தோடு நான் வருவதைப் பக்கத்து மிஷின் அக்கா ஒரு நாள் பார்த்தாள். எழுந்து வந்து குடத்தைப் பிடுங்கினாள்.

“இறக்குட்டி. இனிமே நாங்க மாத்தி மாத்தித் தூக்குதோம். சும்மா ஒண்ணும் இல்ல. நாங்களும் போவோம்லா.”

அன்றைக்கு அவளும் தம்ளரை எடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். பெட்டிக்கு ஒரு தம்ளர் என்பது எல்லாருக்கும் கணக்கானது. அந்த வாரம் வாசல் பானை மத்தியானமே காலியாகிவிட்டது. “எவம்லே குடிச்சது எல்லாத்தையும்” என்று ஒரு தறிக்காரர் கத்தினார். நாங்கள் தார் சுற்றிக்கொண்டிருந்தோம்.

பெண் பிள்ளை பிறந்தது. ஒல்லியாக இருந்தாள், நன்றாகக் கத்தினாள். நான் பிள்ளையோடு வீட்டில் கிடந்த மாதங்களில் கக்கூஸ் கதவில் மறுபடி பூட்டு விழுந்துவிட்டது. பிள்ளைத்தாச்சிக்கு என்றுதானே கொடுத்தோம் என்றாராம் முதலாளி அம்மா. திரும்பப் போய் நான் திரும்பச் சண்டை போட்டேன். திரும்பத் திறந்தார்கள். என் உரிமை என்று யாரும் சொல்லவில்லை. என் வாய்க்குப் பயந்து கொடுத்தார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தோளில் மாட்டுகிற சிவப்பு வாட்டர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம் அதைக் கழுவ எடுத்தேன். காலையில் நான் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அவள் உதடு தோலுரிந்து கிடந்தது.

“ஏன் குடிக்கல?”

“குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா.”

“வந்தாப் போக வேண்டியதுதான?”

“அங்க கதவு இல்ல. பசங்க எட்டிப் பாக்காங்க. பெரிய பிள்ளைகள் யாரும் போக மாட்டாவ.” பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள். “காலைல வீட்டுல நெறையக் குடிச்சிருதேன்லாம்மா.”

எனக்கு முதுகில் அதே குளிர் ஏறியது. அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுக்குப் போகும்போது எரியுதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சமா என்றாள்.

“பள்ளிக்கூடத்துல போய் வம்பு இழுத்து வைக்காத. வாத்தியார் மாரு என்ன நெனைப்பாவ” என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காலையில் நான் ஷெட்டுக்குப் போகவில்லை. பாட்டிலை நிரப்பி என் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். கேட்டுக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்து நீட்டினேன்.

“இப்பவேவா?” என்று பயந்தாள்.

“ஒரு வாய் குடி. கதவு வாங்காம நான் வீட்டுக்கு வர மாட்டேன்.”

அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள்.