கதை வந்திருக்கு

எங்கள் நூலகத்தில் யாரும் நாவல் என்று கேட்பதில்லை. "மிஸ், புதுக் கதை ஏதும் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். நானும் இத்தனை வருடமாக அதே பேச்சில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்தளைக்கும் இரத்தோட்டைக்கும் இடையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற சின்ன நூலகம் அது. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. இரண்டு அலுமாரி, புதுப் புத்தகங்களுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வந்து உட்கார ஒரு வாங்கு.

கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிதாக வெளிவந்த நாவல்கள் எங்களிடம் வருவது அருமை. வந்தால் முதலில் நானே வாசித்துவிடுவேன். பின்னட்டையில் எழுதியிருப்பதை நம்பி ஒருவரிடமும் ஒரு புத்தகத்தையும் கொடுக்க மாட்டேன். எல்லாப் பின்னட்டையையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். வாழ்வின் ஆழம், மானுடத்தின் வலி. தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வருகிறவளுக்கு வலியை நான் வேறு சிபாரிசு செய்ய வேண்டுமா?

என் வழி வேறு. கதையைச் சொல்ல மாட்டேன், அதில் இருக்கிற ஆளைச் சொல்வேன். "இதுல ஒரு மாமியா இருக்கா, வாய் மோசம், மனசு தங்கம்" என்பேன். வாசிக்கிறவர்களிடமும் என்ன பிடிக்கும் என்று கேட்பதில்லை. போன புத்தகத்தில் யாரைக் கண்டால் எரிச்சல் வந்தது என்று கேட்பேன். அதைச் சொல்லிவிட்டால் அடுத்து எதைக் கொடுப்பது என்பது எனக்குப் பிடிபட்டுவிடும்.

இந்த வழியில் என்னிடம் நன்றாகச் சண்டை பிடிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். பக்கத்து ஊர் முஸ்லிம் பெண். பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அவளுடைய வாப்பா கராம்பும் மிளகும் வாங்கி விற்கிறவர். புதிதாக எது வந்தாலும் அவளுக்குத்தான் முதலில் வேண்டும். கடைசியாகக் கொடுத்த இரண்டையும் மேசையில் போட்டுவிட்டு, "ரெண்டு பேரையும் பிடிக்கல்ல மிஸ். ஒருத்தன் உம்மா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறான். மத்தவன் தன்னப் பத்தியே பேசிட்டு இருக்கான்" என்றாள். இதைவிட நல்ல ஆளாகப் பார்த்து வைக்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

வீட்டிலும் அவள் இரண்டு பேரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அது எனக்குத் தெரியும். மூன்றாவதாகக் கலேவெலப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற ஒரு வீட்டிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. வாங்கில் இருக்கிறவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி அவள் சொன்னாள்: "அவர வேணாம்னு இல்ல மிஸ். எனக்கு அவர யாருன்னே தெரியாது. என்ட கிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமேன்னுதான். இந்த மொறயும் அடம் புடிச்சா லைப்ரரிப் பக்கமும் போகத் தேவல்லன்னு உம்மா சொல்லிட்டாங்க."

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெட்டி வந்தது. அதில் ஒரு நாவல், அச்சு மணம்கூடப் போகாதது. மனைவியை இழந்த ஒரு மனிதர், அவருக்குப் பேசப்படுகிற ஒரு பெண். சாப்பாட்டு நேரத்தில் தொடங்கி மேசையைவிட்டு எழும்பாமல் பாதிக்கு மேல் வாசித்துவிட்டேன். இது அவளுக்குத்தான் என்று மனசு சொல்லிவிட்டது. அந்தச் சந்தோசத்திலேயே போனை எடுத்து அவளுடைய இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.

அதை எப்படிச் சொன்னேன் என்பதை வெள்ளிக்கிழமை எனக்கே போட்டுக் காட்டினார்கள்.

ஜும்மா முடிந்த நேரம். இரத்தோட்டை பஸ்ஸுக்காகத் தோட்டத்துப் பெண்கள் வாங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக அவளுடைய வாப்பா உள்ளே வந்தார். நூலகத்துக்குள் அவரை நான் கண்டது அதுதான் முதல் தடவை. நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, மகளுடைய போனை நீட்டி, "இது ஒங்கட கொரல்தானே மிஸ்?" என்று கேட்டுவிட்டு அழுத்தினார். என் குரல் நூலகம் முழுவதும் கேட்டது.

"தங்கச்சி, நீங்க கேட்ட மாதிரியே ஒரு புதுக் கதை வந்திருக்கு. நல்ல எடத்துல இருந்து வந்தது. ஆளு கொஞ்சம் வயசுதான், மூத்த சம்சாரம் செத்துப் போச்சு, ஆனா தங்கமான மனுசன். முன்ன ரெண்டும் ஒங்களுக்குப் பிடிக்கல்லன்னு எனக்குத் தெரியும். இது பிடிக்கும். வேற ரெண்டு பேரு கேட்டாங்க, நான் குடுக்கல. ஒங்களுக்குன்னே புடிச்சி வச்சிருக்கேன். சட்டுனு வந்து பாத்துட்டுக் கொண்டு போயிருங்க."

கேட்கக் கேட்கத்தான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்கும் கதை என்றுதான் பெயர். ஒரு வீட்டில் போய்க் கதை வந்திருக்கு என்றால் மாப்பிள்ளை வந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாத பேச்சா அது? என் தங்கைக்குக் கதை வந்தபோது எங்கள் தோட்டத்து லயம் முழுக்க அதே வார்த்தையைத்தானே சொன்னது. ஆனால் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டால் என் வாய்க்கு வேறு அகராதி. நல்ல இடம் என்று நான் சொன்னது பதிப்பகத்தை. அன்று காலை போனை வீட்டில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அவள் பாலர் பாடசாலைக்குப் போயிருக்க, அதை எடுத்துக் கேட்டது அவளுடைய உம்மா என்று அவரே சொன்னார்.

"எந்த ஊரு ஆளு?" என்றார் அவர்.

"நானா" என்றேன், இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். "அது ஆளு இல்ல. புத்தகம்."

"புத்தகத்துக்கு மூத்த சம்சாரம் மவுத்தாகுமா?"

வாங்கில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு முட்டியது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் வாய் இருக்கிறது, சமாளித்திருப்பேன்.

"என்ட மகள் ரெண்டு எடத்த வேணாம்னு சொன்னா. ஏன்னு கேட்டா சரியான பதில் இல்ல. இப்பதான் வெளங்குது. இங்க வச்சி வேற கதை ஓடிட்டு இருந்திருக்கு, அதுவும் வயசு போன ஒரு ஆளு. ஞாயித்துக்கெழம கலேவெலயால வாறாங்க. அன்னைக்கே நாளையும் வச்சி அனுப்பப் போறேன். அவகிட்ட இனி என்ன பேச இருக்கு?"

ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று அவள் சொன்னதும், நான் ஆசை ஆசையாக அனுப்பின பேச்சு அந்த ஒரு வார்த்தைக்கும் வழியை அடைத்துவிட்டதும் அந்த நிமிடம் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாவலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க இருக்கான் அந்த ஆளு? காட்டுங்க."

மனைவி இறந்ததைப் பற்றி வருகிற பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரிகளுக்குக் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய வாசித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கன்னக் கொடுப்புக்குள் ஒரு சிரிப்பும் வந்த மாதிரி இருந்தது. தப்பினேன் என்று நினைத்தேன். பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் அந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். அவள் பேசாமல் நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் நாள் பார்க்கிறார்கள். அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எல்லாருக்கும் முன்னால் தகப்பனிடம் சொல்கிறாள். இதை வாசித்தால், மகளுக்கு நான் மாப்பிள்ளை பார்த்தேன் என்பது போய், மகளை நான் கெடுக்கிறேன் என்று ஆகும்.

என்னை அறியாமலே கையைப் பக்கத்தின்மேல் வைத்துவிட்டேன். "அவ்வளவுதான் நானா. ஆளு புத்தகத்துலதான் இருக்கான்னு தெரிஞ்சிச்சே."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன், அங்கிட்டுப் பாக்கக் கூடாதா?"

நான் கையை எடுத்தேன். அதற்குள் அவர் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொண்டுபோய் வாசிக்கப் போகிறாராம். அங்கத்தவர் இல்லாதவர்களுக்குப் புத்தகம் கொடுக்க முடியாது என்றேன். சட்டம் ஒருநாளாவது எனக்கு உதவட்டும் என்று பார்த்தேன்.

"மகள்ட அட்டையில போட்டுக் குடுங்க" என்றார்.

மாட்டேன் என்றால் பாதிச் சந்தேகத்தோடு போவார், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிடும். கொடுத்தால் அந்தப் பக்கம் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எது மோசம் என்று யோசிக்க எனக்கு அவகாசம் இல்லை. திகதி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். பதற்றத்தில் அது தலைகீழாக விழுந்தது. அவர் ஸலாம்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அவளுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை முழுக்க யார் படியேறினாலும் நிமிர்ந்து பார்த்தேன். எல்லார்மீதும் கோபம் வந்தது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாத அந்த மனிதர்மீது, அடுத்தவருடைய போனைக் கேட்கிற தாய்மீது, வளவள என்று பேசுகிற என் நாக்கின்மீது. அந்த நாவலை எழுதியவர்மீதும் வந்தது. அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பிந்தி எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைத்த கறியில் உப்பை மறுபடியும் போட்டு, அதை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. இந்நேரம் வந்திருப்பார்கள், இந்நேரம் நாள் வைத்திருப்பார்கள் என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது.

திங்கள் நூலகம் பூட்டு. செவ்வாய் பின்னேரம் அவள் வந்தாள், தனியாக. அழுத முகமும் இல்லை, சந்தோச முகமும் இல்லை. வாங்கில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாப்பா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, "அது புத்தகம்தான்" என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கடையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். ஞாயிறு கலேவெலக்காரர்கள் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். அவள் குசினியில், அடுப்பருகில் நின்றாள். இப்படியான நாளில் மாமி முறையான ஒருத்தி உள்ளே வந்து, சம்மதம்தானே என்று கேட்பாள். பெண் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். வாய் திறக்காவிட்டால் சரி என்று எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சொல்லிவிடுவார்கள். அதுதான் நடைமுறை.

"அன்னைக்கு மாமி வந்து கேக்கல்ல மிஸ். வாப்பாவே வந்தாங்க. குசினி வாசல்ல நின்னு, மகள் ஒங்களுக்கு விருப்பமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல. நான் சண்டைக்கெல்லாம் வார்த்த யோசிச்சி வச்சிட்டு நின்னேன். கேட்ட ஒடன எல்லாம் மறந்து போச்சு. பேசாம நின்னேன். வாப்பாட பொறகால நின்ன மாமி, பேசாம நிக்கிறாளே, பொறகென்ன, போய்ச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. வாப்பா போகல்ல. என்ட மொகத்தையே பாத்தாங்க."

பிறகு அவர் முன்ஹோலுக்குப் போய், வந்தவர்களிடம் சொன்னது குசினிக்குள்ளும் கேட்டிருக்கிறது: "மகள் இன்னம் பதில் சொல்லல்ல. சொன்ன பொறகு நாங்க சொல்லி அனுப்புறோம். தேத்தண்ணி குடிங்க."

உம்மா அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"அந்தப் பக்கத்த வாசிச்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியா மிஸ். கேக்கப் பயம். புத்தகம் இன்னம் அவங்கட கிட்டத்தான். கதையில வாற அந்த ஆளு ஒரு மடையன்னு மட்டும் சொன்னாங்க."

சிரித்தேன். நான் அவசரக்காரி, வெற்றி கிடைத்துவிட்ட மாதிரி, "பொறகென்ன, வேணாம்னு சொல்லிட்டு வந்து அடுத்த புத்தகத்த எடுங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா மறுக்கா ஒண்ணும் கேக்கல்ல மிஸ். காலையில கடைக்குப் போக முன்ன ஒருக்கா என்ட மொகத்தப் பாக்குறாங்க. பாத்துட்டு, சரி மகள்னு சொல்லிட்டுப் போறாங்க." கதிரையைவிட்டு எழும்பினாள். "முன்ன ரெண்டு பேரையும் வேணாம்னு சொல்றது லேசா இருந்திச்சி. அப்ப யாரும் என்னக் கேக்கல்லையே. இப்ப கேட்டுட்டாங்க."

அன்றைக்கு அவளுக்கு நான் எந்தப் புத்தகத்தையும் சிபாரிசு செய்யவில்லை.