அடுப்போரம் வைத்த விளக்குகள்

அன்று காலை அடுப்படியில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அடுப்போரம் இருந்த விளக்கைச் செய்து கொடுத்த அக்கா வீட்டுக்காரர் அங்கே இல்லை. மச்சான் கூடலூரில், தன் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தார்.

சேரம்பாடிப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கழிப்பறைகள் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைச் சரிவை ஒட்டி இருக்கின்றன. விடியுமுன் போகிறவர்கள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். யானை நின்றால் சத்தமே வராது. அதனால் மச்சான் கொண்டுவந்த விளக்குகளை எங்கள் வீடு போக லயத்தில் பதினோரு வீடுகள் உடனே வாங்கிக்கொண்டன. உடைந்த பிளாஸ்டிக் குடங்களை உருக்கி வார்த்த கூடு. உள்ளே, பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து எடுத்த செல்கள். "குப்பைக்குப் போறதுதான் மாமா, எப்படி எரியுது பாருங்க," என்று அப்பாவிடம் காட்டினார். எங்களிடம் மட்டும் காசு வாங்கவில்லை.

மார்கழிக் குளிரில் விளக்கு சீக்கிரம் மங்கியது. அப்பா கூட்டைத் திறந்து பார்த்தார். டார்ச் செல்லைப் போலவே உருளையாக இருந்தது. டார்ச் செல் தீர்ந்தால் வெயிலில் காய வைப்பது வழக்கம். எங்கள் ஊரில் வெயில் ஏது? அடுப்போரம்தான். இதையும் அங்கேயே வைத்தார். சாயங்காலம் பளிச்சென்று எரிந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"இது டார்ச் செல்லு இல்லப்பா. இதுக்குச் சூடு ஆவாது. காலேஜ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க."

"குளிருக்கு மனுசனே அடுப்புகிட்ட ஒண்டுறான். செல்லு மட்டும் விறைச்சுச் சாவணுமாக்கும்?"

நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். அவர் திரும்ப அடுப்போரம் வைப்பார். தண்ணீர்க் குழாயடியில் அவருடைய யோசனையைக் கேட்டு மற்ற வீடுகளிலும் அப்படியே வைக்கத் தொடங்கினார்கள். சில நாட்களில், சார்ஜில் போடாதபோதும் எங்கள் விளக்கின் கூடு வெதுவெதுப்பாக இருந்தது. தூங்குகிற பிராணியைத் தொட்டது போலிருந்தது.

அன்று காலை மழைத் தூறல். வேலைக்கு யாரும் போகவில்லை. முதலில் அடுப்போரமிருந்து இனிப்பான ஒரு வாடை வந்தது. பிறகு குக்கர் சீறுவதுபோல் ஒரு சத்தம். எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. அம்மாதான் முதலில் எழுந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கை விளக்கின்மேல் போட்டு, வாரி எடுத்து, வாசலுக்கு வெளியே சாக்கடையில் வீசினாள். அங்கே அது குபீரென்று எரிந்தது. ஒரு செல் வெடித்துப் பறந்து எதிர்ச் சுவரில் அடித்து விழுந்தது.

உள்ளங்கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி அம்மா லயத்தின் கூரைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் புகை.

"எல்லா ஊட்லயும் அடுப்பெரியுது," என்றாள் அப்பாவிடம். "பச்சப்புள்ளைங்க அதுகிட்டதான் படுத்துக் கெடக்கும். போங்க."

அப்பா குடை எடுக்காமல் இறங்கினார். நான் மண் நிரப்பிய வாளியுடன் பின்னால் ஓடினேன்.

முதல் வீட்டு அக்கா விளக்கைத் தரவில்லை. "நீங்கதானண்ணே அடுப்புகிட்ட வெக்கச் சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். இப்ப நானே எடுக்கச் சொல்றேன்."

"அப்ப காசு? நாளைக்கி ஆனை வந்தா ஒங்க மருமவனையா கூப்பிடறது?"

மச்சானுக்குப் போன் போட்டேன். "டெஸ்ட் பண்ணின செல்லுதான்டா எல்லாம்," என்றார்.

"என்ன டெஸ்ட், மச்சான்?"

"எரிஞ்சுதுல்ல?"

போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா என் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒதுக்கியிருந்த போனஸ் பணத்தை, தீய்ந்த கையோடு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பணத்தைக் கண்டபிறகுதான் விளக்குகள் வெளியே வந்தன. இரண்டு தொட முடியாத சூட்டில் இருந்தன. ஒரு வீட்டில் தொட்டிலுக்குக் கீழே இருந்தது.

எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. வீடுகளிலிருந்து தள்ளி, திறந்த வெளியில், வாளி மண்ணுக்குள் விளக்குகள் கிடந்தன. யாரும் கிட்டே போகாதபடி அப்பா தூரத்தில் நின்று காவல் காத்தார். பொழுது சாயும்போது வாளிக்குள்ளிருந்து அதே சீறல் கேட்டது.

விளக்குக்கு நானூற்றைம்பது வீதம் பதினோரு வீட்டுக்கும் கொடுத்தோம். விளக்குக்குச் சார்ஜ் போடப் புது கேபிள் வாங்கினேன் என்று சண்டை போட்டவருக்கு அறுபது. ஆகமொத்தம் ஐயாயிரத்துப் பத்து ரூபாய்.